லயத்துக்குக் குழாயில் கேஸ்: சாணக் குழியிலிருந்து கடைசிக் காம்பரா வரை

குழாயில் கேஸ் என்றதும் நம்மவர்கள் மன்னாரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். 2011இல் மன்னார்க் கடற்படுகையில் டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் இயற்கை எரிவாயு இருப்பது தெரியவந்தது உண்மைதான். அதிலிருந்து வீட்டு அடுப்புக்கு இன்னும் ஒரு மூச்சு கேஸ் வரவில்லை. லிட்ரோவும் லாஃப்ஸும் சிலிண்டரில் தருவது பெற்றோலிய வாயு, அது வேறு சரக்கு. மன்னார் கேஸ் என்றைக்காவது கரையேறினாலும் மின் நிலையங்களும் பெரிய தொழிற்சாலைகளும்தான் முதலில் நிற்கும். தேயிலை மலையில் இருக்கும் லிந்துலைக்கும் பொகவந்தலாவைக்கும் குழாய் ஏறும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீதேன். மாட்டுச் சாணம் காற்றுப் படாமல் புளித்தாலும் அதே மீதேன்தான் வருகிறது. நூற்றுக்கு 55 முதல் 65 வரை மீதேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. மாடு வளர்க்கும் சில குடும்பங்கள் சேர்ந்து குழி கட்டி, அதிலிருந்து லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) முழுக்கக் குழாய் இழுக்கலாம். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது இந்தப் பேச்சு பல தோட்டங்களில் சூடு பிடித்தது. குழி கட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். குழாயைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. நாங்கள் பார்த்தவரை, மலையகத்தில் கூட்டுக் கேஸ் திட்டம் படுத்துப்போவது குழியால் அல்ல, குழியிலிருந்து அடுப்புக்குப் போகும் வழியில். அதனால் இங்கே குழாய்க்கே அதிக இடம்.

முதலில் சாணக் கணக்கு

ஆசைப்பட்டுக் கணக்குப் போட்டால் பிறகு சண்டைதான் மிஞ்சும். ஐந்து பேர் உள்ள குடும்பம் மூன்று வேளையும் கேஸிலேயே சமைக்க ஒரு நாளைக்கு 1.2 கன மீற்றர் வேண்டும். 1 கிலோ பச்சைச் சாணம் வெப்பமான ஊரில் 35 முதல் 40 லீற்றர் கேஸ் தரும். நம் குளிருக்கு 30 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நுவரெலியாப் பக்கம் 25. பத்துக் காம்பராவுக்கு (லயத்தில் ஒரு குடும்பத்தின் வீடுதான் காம்பரா) முழுச் சமையலென்றால் 12 கன மீற்றர், அதற்கு 400 கிலோ சாணம். கொட்டகையில் கட்டி வளர்க்கும் கலப்பு மாடு ஒன்றிடமிருந்து அள்ளக்கூடியது 15 கிலோ என்று பார்த்தால் 27 மாடு. எந்த லயத்தில் அத்தனை மாடு இருக்கிறது?

நடக்கிற கணக்கு இப்படி: காலைத் தேத்தண்ணீர், ரொட்டி, இரவுக் கறி ஆகியவற்றுக்கு மட்டும் கேஸ், நெடுநேரம் வேகும் சோற்றுக்கும் குளிக்கிற வெந்நீருக்கும் பழையபடி மிலார், அதாவது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி. அப்போது வீட்டுக்கு 0.6 கன மீற்றர் போதும். பத்து வீட்டுக்கு 6 கன மீற்றர், 200 கிலோ சாணம், 13 அல்லது 14 மாடு. உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் 1 கன மீற்றருக்குள் அடங்கும் கேஸும் குறைகிறது. அதையும் கழித்தால் இந்த 6 கன மீற்றர் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். வீட்டுக்கு மாதம் அரைச் சிலிண்டர் மிச்சம் என்று சொல்லிக் கூட்டத்தைத் தொடங்குங்கள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சங்கதி: நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸுக்குள்ளேயே கொதித்துவிடும், பருப்பும் கடலையும் வேக நேரம் பிடிக்கும். கூட்டுத் திட்டத்தில் சேரும் ஒவ்வொரு வீடும் ஒரு பிரஷர் குக்கர் வாங்குவது, குழி அளவை ஒரு சுற்றுப் பெரிதாக்குவதைவிட மலிவு.

குழியின் கொள்ளளவைத் தீர்மானிப்பது குளிர்தான். சாணமும் தண்ணீரும் சமபங்கு, நாளைக்கு 400 லீற்றர் கரைசல் உள்ளே போகிறது. கண்டி, கம்பளைப் பக்கம் அது 45 நாள் உள்ளே கிடந்தால் போதும். ஆண்டுச் சராசரி 20 பாகை உள்ள பண்டாரவளை போன்ற இடங்களுக்கு 60 நாள், சராசரி 16 பாகையாக உள்ள நுவரெலியாவுக்கு 75 நாளுக்குக் குறையக்கூடாது. 60 நாளுக்கு 24 கன மீற்றர் கரைசல், மேலே கேஸ் தங்க மூன்றரை கன மீற்றர், ஆக மொத்தம் 28. இதை ஒரே குழியாகக் கட்டாமல் 14இல் இரண்டாகக் கட்டுவது நல்லது. ஒன்றைத் திறந்து சுத்தம் செய்யும்போது மற்றது எரியும். இரண்டும் ஒரே அளவிலும் ஒரே அமைப்பிலும் இருக்க வேண்டும். ஒன்று தாங்கும் அழுத்தம் குறைவானால், மற்றதில் ஊறிய கேஸும் அதன் கழிவு வாய் வழியாகக் குமிழியிட்டுப் போய்விடும்.

நெல் விளையும் பகுதிகளில் ஜா-எல ஏகலையில் உள்ள நேர்ட் எனும் தேசிய பொறியியல் ஆய்வு அபிவிருத்தி நிலையம் வடிவமைத்த வைக்கோல் முறை உண்டு. இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது? நமக்குச் சாணக் குழிதான்.

இடம் பார்ப்பது

குழி லயத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். இதற்கு மூன்று காரணம். லயத்துக்கு மேலே சரிவில் பெரிய பள்ளம் வெட்டி, நாளுக்கு 400 லீற்றர் ஈரத்தை மண்ணில் சேர்ப்பது ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பிறகும் இதை விளக்க வேண்டியதில்லை. மண்சரிவு அபாயம் குறிக்கப்பட்ட இடமாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் மம்பட்டியைத் தொடாதீர்கள். இரண்டாவது, பீலித் தண்ணீரும் ஊற்றும் குழிக்கு மேலே இருக்க வேண்டும். மூன்றாவது காரணம் குழாய் சம்பந்தப்பட்டது, கீழே வருகிறது.

நிலம் கம்பனியுடையது. வாய்ப்பேச்சில் தொரை (தோட்ட முகாமையாளர்) சரியென்று தலையாட்டினாலும், குழாய் போகும் பாதையைக் கீறிய வரைபடத்தோடு கடிதம் வாங்கி வையுங்கள். தொரை மாறிப்போவார், குழாய் மாறாது. கவ்வாத்துக்குப் பிறகு மண் கிளறும் ஆட்கள் முள்ளால் குத்திக் குழாயைக் கிழித்தால், குழாய் அங்கே இருக்கிறது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

குழாய் பருமன்

காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவே, பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு) போகுமுன், லயத்தில் எல்லா அடுப்பும் ஒன்றாக எரியும். ஒரு அடுப்பு மணிக்கு 0.4 கன மீற்றர் கேஸ் குடிக்கும். பத்து அடுப்புக்கு மணிக்கு 4 கன மீற்றர். குழாயின் பருமனை இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் தீர்மானிக்க வேண்டும், பகலில் ஒரு வீடு தேத்தண்ணீர் வைப்பதற்காக அல்ல.

100 மீற்றர் நீளத்தில் மணிக்கு 4 கன மீற்றர் ஓடும்போது அழுத்தம் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். அழுத்தத்தை நாம் தண்ணீர் உயரத்தில்தான் அளக்கிறோம். உள்விட்டம் 15 மில்லிமீற்றர் என்றால் 40 சென்ரிமீற்றர் குறையும். 20 மில்லிமீற்றரில் ஒன்பதரை, 25இல் 3, 32இல் 1 சென்ரிமீற்றருக்கும் கீழே. அடுப்புக்கு வேண்டியது 8 சென்ரிமீற்றர் அழுத்தம். கூரை அசையாமல் கட்டிய நிலைக் கூரைக் குழியில் இரவெல்லாம் ஊறிய அழுத்தம் நாலரைக்கு 80, 90 சென்ரிமீற்றர் காட்டினாலும், ஆறு மணிக்குள் 15க்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் அரை இஞ்சிப் பைப்பும் முக்கால் இஞ்சிப் பைப்பும் கைவிட்டுவிடும். பைப் கடையில் சொல்லும் அளவு பெரும்பாலும் வெளிவிட்டம், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். பிரதான குழாய் 25க்குக் குறையாமல், முடிந்தால் 32. இந்த இடத்தில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதிகம் வரும் கேள்வி: “அண்ணே, நாங்க கடைசிக் காம்பரா. எங்க வீட்டுல மட்டும் ஏன் எரிய மாட்டேங்குது?” குழாயை லயத்தின் ஒரு முனையில் சேர்த்தால் அப்படித்தான் ஆகும். முதல் வீட்டில் சுவாலை சட்டியைத் தாண்டும், கடைசி வீட்டில் நீல மொட்டு மட்டும். லயத்தின் நடுவில், ஐந்தாவது ஆறாவது காம்பராவுக்கு இடையில் டீ (T வடிவ இணைப்பு) வைத்து இரு பக்கமும் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பாதிக் கேஸ்தான் ஓடும், பாதித் தூரம்தான் போகும். இந்த ஒரு மாற்றத்தாலேயே கடைசி வீட்டுப் புகார் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மேட்டில் இருக்கும் லயத்துக்குக் கேஸ் ஏறுமா என்றும் கேட்பார்கள். ஏறும். சாணக் கேஸ் காற்றைவிடச் சற்றே இலேசானது, 20 மீற்றர் மேலே போனாலும் கீழே வந்தாலும் அழுத்தம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் மாறும். ஏற்ற இறக்கம் கேஸுக்குப் பிரச்சினையே அல்ல.

ஏற்ற இறக்கத்தில் மாட்டிக்கொள்வது தண்ணீர்

குழியிலிருந்து வரும் கேஸ் ஈரத்தோடுதான் வரும். குழிக்குள் 24 பாகை, விடியற்காலை மண்ணுக்குள் குழாய் 14 பாகை என்றால், ஒவ்வொரு கன மீற்றர் கேஸும் ஏறக்குறைய 10 கிராம் தண்ணீரைக் குழாய்க்குள் விட்டுவிட்டுப் போகும். நாளுக்கு 6 கன மீற்றர், 60 மில்லிலீற்றர், அதாவது அரைக் கிளாஸ் தேத்தண்ணீர் அளவு. பார்க்க அற்பம்தான். ஆனால் 25 மில்லிமீற்றர் குழாயில் அந்த 60 மில்லிலீற்றர் 12 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நிரம்பி நிற்கும். குழாய் எங்காவது மூன்று விரல் தாழ்ந்திருந்தால், அந்தப் பள்ளம் இரண்டு மூன்று நாளில் அடைத்துக்கொள்ளும்.

அடைத்தவுடனே அடுப்பு நின்றுவிடாது என்பதுதான் சூது. குழியில் அழுத்தம் அதிகமாக இருக்கும்போது கேஸ் அந்தத் தண்ணீருக்குள் குமிழியிட்டு மறுபக்கம் போய்விடும். அடுப்பில் சுவாலை விக்கும்: எழும், குறையும், எழும். ஆறு மணிக்கு அழுத்தம் இறங்கியதும் அப்படியே அணையும். எல்லாரும் குழியைக் குறை சொல்வார்கள், சாணம் போதவில்லை என்பார்கள், அடுப்பைக் கழற்றி ஊதுவார்கள். சுவாலை விக்கினால் வேறெங்கும் தேட வேண்டாம், குழாயில் தண்ணீர்.

ஆகவே குழாயைத் தண்ணீர்க் குழாயைப் போலவே நினைத்துப் போடுங்கள், மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவு, நடுவில் எங்கும் பள்ளம் கூடாது. குழி கீழேயும் லயம் மேலேயும் இருந்தால் குழாய் முழுக்கக் குழியை நோக்கிச் சரியும், ஊறும் தண்ணீர் தானாகவே குழிக்குள் போய்விடும். வேறு எந்த ஏற்பாடும் வேண்டாம். மேலே சொன்ன மூன்றாவது காரணம் இதுதான்.

சரிவைக் கண்ணால் மட்டிட முடியாது. மலைச் சரிவில் நின்று பார்க்கும்போது ஏறுவது இறங்குவதுபோலத் தெரியும். 10 மீற்றர் நீளமான, உள்ளே தெரியும் கண்ணாடி ஹோஸ் ஒன்றில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, 3 மீற்றருக்கு ஒரு முளை அடித்து, முளைக்கு முளை 3 சென்ரிமீற்றர் இறக்கிக் குறியுங்கள். அகழி ஒன்றரை அடி ஆழம், அடியில் கல் இல்லாத மண்ணோ மணலோ இரண்டு விரல் கனம். குழாயைக் கல்லின்மேல் வைத்து மூடினால் இரண்டு கல்லுக்கு நடுவே தொய்ந்து, நீங்களே பள்ளம் செய்துவிடுவீர்கள்.

கான் (வடிகால்) குறுக்கிட்டால், அல்லது குழிக்கும் லயத்துக்கும் நடுவே ஓடை இருந்தால், குழாய் ஒருமுறை இறங்கி ஏறத்தான் வேண்டும். அந்த மிகத் தாழ்ந்த இடத்தில் டீ ஒன்றைக் கீழ்நோக்கி வைத்து, 40 சென்ரிமீற்றர் குழாய்த் துண்டும் அதன் முடிவில் போல் (பந்து) வால்வும் பூட்டுங்கள். வாரம் ஒருமுறை திறந்து, தண்ணீர் வடிந்து கேஸ் சீறும் சத்தம் கேட்டதும் மூடினால் போதும். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் இருக்கக்கூடாது. இந்த வால்வை ஒரு சின்னச் செங்கல் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் அடியிலிருந்து கானுக்கு ஒரு வடிகால் விடுங்கள். வடிகால் இல்லாத பெட்டி மழைக்காலத்தில் நிறைந்து, வால்வு சேற்றுக்குள் போய், யாரும் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

தானாக வடியும் வளைகுழாயும் உண்டு. குழி 90 சென்ரிமீற்றர் அழுத்தம் காட்டும் என்றால் அந்த வளைவில் 110 சென்ரிமீற்றராவது தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரவில் கேஸ் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். வறட்சியில் அந்தத் தண்ணீர் காய்ந்தாலும் அதே கதி. எங்களுக்குக் கைவால்வில்தான் நம்பிக்கை.

ஓடையை மேலாலே கடப்பதாக இருந்தால் அந்த நீளத்துக்கு மட்டும் இரும்புக் குழாய். பிளாஸ்டிக் குழாயை இரண்டு கம்பத்துக்கு நடுவே தொங்கவிட்டால் வெயிலில் தொய்யும், மறுபடி பள்ளம், பிறகு நொறுங்கும். பாதையைக் கடக்கும் இடத்தில் கேஸ் குழாயை ஒரு பெரிய இரும்புக் குழாய்க்குள் செருகி எடுங்கள், கொழுந்து லொறி ஏறும். காட்டுப்பன்றி கிளறும் பக்கமென்றால் அகழியை இரண்டு அடியாக்கி மேலே தட்டைக் கல் பரப்புங்கள்.

லயத்துச் சுவரோடு போகும் குழாயை ஓர் ஆள் உயரத்தில், மீற்றருக்கு ஒரு கொக்கி போட்டு, நடு டீயை நோக்கிச் சரித்துக் கட்டுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு காம்பராவுக்கும் பிரியும் டீயின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். கீழ்நோக்கி வைத்தால் பிரதான குழாயின் தண்ணீர் நேரே அந்த வீட்டு அடுப்பில் சொட்டும்.

மூடுமுன் சோதனை

ஒட்டு காய ஒரு முழு நாள் விடுங்கள். அகழியை மூடாமல், எல்லா வால்வையும் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கண்ணாடி ஹோஸ் வளைவில் தண்ணீர் 100 சென்ரிமீற்றர் ஏறும்வரை அழுத்தம் கொடுத்து அரை மணி நேரம் பாருங்கள். இதை வெயிலில் செய்யாதீர்கள். மூடிய குழாய்க்குள் இருக்கும் காற்று 1 பாகை சூடானால் தண்ணீர் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் ஏறும், 1 பாகை குளிர்ந்தால் அதே அளவு இறங்கும். வெயில் அடித்து நின்ற குழாய்மேல் ஒரு மேகம் கடந்தால் 10 சென்ரிமீற்றர் சட்டென்று விழும். இல்லாத ஓட்டையைத் தேடி நல்ல ஒட்டை வெட்டுவார்கள். அதைவிடக் கேடு, உண்மையான ஓட்டையை வெயில் மறைத்துவிடும். மூடுபனி கிடக்கும் காலையில் செய்யுங்கள், வெப்பம் மாறாது. ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். மரை உள்ள இடங்களில் தண்ணீருக்குச் சுற்றுவதைவிட இரட்டிப்பாக வெள்ளை டேப் சுற்ற வேண்டும்.

கேஸை முதன்முதலாகக் குழாயில் விடும் நாள்தான் ஆபத்தான நாள். காற்றில் மீதேன் நூற்றுக்கு 5 முதல் 15 வரை கலந்திருந்தால் வெடிக்கும். குழாய்க்குள் இருக்கும் காற்றைக் கேஸ் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தக் கலவை எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரும். 25 மில்லிமீற்றர் குழாய் 100 மீற்றரில் அடங்குவது ஏறக்குறைய 50 லீற்றர். அதைப்போல மூன்று மடங்கு கேஸைக் கடைசிக் காம்பரா முனையிலிருந்து, ஹோஸைக் கழற்றி, வீட்டுக்கு வெளியே விடுங்கள். ஒரு அடுப்பு வால்வு வழியாகவென்றால் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். இரு பக்கக் கிளைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அதுவரை லயத்தில் எந்த அடுப்பும், மிலார் அடுப்பு உட்பட, எரியக்கூடாது. புதுக் குழியின் முதல் சில நாள் கேஸ் பெரும்பாலும் கரியமில வாயு, எப்படியும் பற்றாது. அதை விட்டுவிடுங்கள். கேஸ் எரிகிறதா என்று குழி வாயில் தீக்குச்சி கிழிப்பதை யாராவது செய்யத்தான் பார்ப்பார்கள், தடுக்க ஒருவர் அங்கே நிற்கட்டும்.

அடுப்பும் நாற்றமும்

கடையில் வாங்கும் சிலிண்டர் அடுப்பு அப்படியே எரியாது. அதன் கேஸ் துவாரம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. சாணக் கேஸ் மெல்ல வரும், சூடும் குறைவு, துவாரம் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே வேண்டும். 2 மில்லிமீற்றர் துளையில் தொடங்கிப் பார்த்துப் பெரிதாக்குங்கள், பெரிதானதைச் சிறிதாக்க முடியாது. சுவாலை பர்னரைவிட்டு எழும்பிப் பறந்தால் காற்றுத் துவாரத்தை மூடுங்கள். மஞ்சளாகிச் சட்டியில் கரி பிடித்தால் திறந்துவிடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் தரும் ஐதரசன் சல்பைட்டு பித்தளையைக் கறுப்பாக்கி வால்வை இறுக்கிவிடும். நான்கு இஞ்சிக் குழாய் 1 மீற்றர் எடுத்து, லேத் கடையில் கிடைக்கும் இரும்புச் சுருளைத் துருப்பிடிக்க விட்டு நிரப்பி, பிரதான குழாயில் சேர்த்தால் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சுருள் கறுத்ததும் வெளியே எடுத்துப் பரப்பினால் மறுபடி செம்மையாகும். குவித்து வைக்காதீர்கள், காற்றுப் பட்டதும் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். தண்ணீர் தெளித்து மெல்லியதாகப் பரப்புங்கள்.

இந்த வடிகட்டியால் ஒரு தீமையும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. சிலிண்டர் கேஸில் கசிவு தெரிவதற்கென்றே நாற்றம் சேர்க்கிறார்கள். சாணக் கேஸுக்கு அந்த வேலையைச் செய்வது இந்த முட்டை நாற்றம்தான். வடிகட்டி நன்றாக வேலை செய்தால் கசிவு மூக்குக்கு எட்டாது. ஆகவே வடிகட்டி போட்ட லயத்தில் மாதம் ஒருமுறை சவர்க்கார நுரை பார்ப்பது கட்டாயம். அதேபோல, நாற்றம் நின்றுவிட்டது என்று குழிக்குள் எட்டிப்பார்ப்பதும் கூடாது. இந்த வாயு அதிகமானால் மூக்கை மரக்கச் செய்துவிடும். திறந்த குழிக்குள் எந்தக் காரணத்துக்கும் ஆள் இறங்கக்கூடாது, விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

சுவரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டாம், விறகடுப்பிலிருந்து 1 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். எலி கடிக்கும் இடமும் இதுதான். சுவர் வால்வை இரவில் மூடிவிட்டுப் படுப்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

யார் சாணம் போடுவது

20 லீற்றர் பெயின்ற் வாளி பத்து சாணம், பத்து தண்ணீர். இதைக் காலைப் பனியில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் குழி குளிர்ந்துபோகும். நடுப்பகலில், வெயிலில் கிடந்த கறுப்புப் பீப்பாய்த் தண்ணீரில் கரைப்பதுதான் சரி. ஆனால் நடுப்பகலில் பெண்கள் மலையில் கொழுந்தெடுக்கிறார்கள். பல இடங்களில் வேலை நேரத்தை ஆண்கள் கூடித் தீர்மானித்துவிட்டு, பெரட்டுக்குமுன் சாணம் சுமக்கும் வேலையையும் பெண்கள் தலையில் வைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட திட்டம் ஒரு மழைக்காலம் தாண்டாது. ஓய்வுபெற்ற ஒருவருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து மாதச் சம்பளம் கொடுத்து நடுப்பகல் வேலையை ஒப்படைப்பது எங்களுக்குத் தெரிந்து நிலைக்கிற வழி. வால்வில் தண்ணீர் வடிப்பதும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

மாடு வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பங்கா என்ற கேள்வி வரும். சாணம் கொடுப்பவர் பணம் கட்டாமல், மற்றவர் மட்டும் கட்டுவது பொதுவாக ஒத்துப்போகிறது. வெளியேறும் 400 லீற்றர் கரைசலையும் பங்கில் சேருங்கள், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) போடுபவர்களுக்கு அதுதான் பெரிய லாபம். அதற்குத் தோட்டம் ஒதுக்காவிட்டால் ஓடைக்குத்தான் போகும், கீழ் லயத்தாரோடு வழக்குத்தான்.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணத்தை மருந்து வெளியேறும்வரை தனியே கொட்டுங்கள், அந்த மருந்து குழிக்குள் இருக்கும் கிருமியையும் கொல்லும். கொட்டகை கழுவும் பினாயில் தண்ணீரும் அப்படியே. சந்தையில் கழித்த கோவா இலையை ஆசையோடு கொட்டினால் குழி புளித்துப்போய், கேஸ் வரும், பற்றாது. அப்போது சாணம் போடுவதை ஒரு வாரம் நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் பொறுத்திருக்க வேண்டும்.

தை மாதத்தை ஒட்டி, நுவரெலியாவில் உறைபனி விழும் நாட்களில் கேஸ் குறையும், எதைச் செய்தாலும் குறையும். அந்த இரண்டு மாதத்துக்கு இரவுக் கறியை விட்டுவிட்டு காலைக்கு மட்டும் என்று முன்கூட்டியே எழுதி எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கி வையுங்கள். இரவு எட்டு மணிக்குக் குழி வால்வை அடைத்து, நாலு மணிக்குத் திறப்பவர் யார் என்பதும் அதே காகிதத்தில் இருக்கட்டும்.